தவக்காலத்தில் வெட்டிய மரம்

சுங்கை பினாங்
6 மார்ச் 2025

அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி எழுதிப் பார்த்தேன். நேற்றுதான் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட மறுநாளே பொய் எழுத வேண்டாம் என்று அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

நான் ஜோவான். நீங்கள் உள்ளே போனபோது தொடக்கப் பள்ளியில் இருந்தேன். இப்போது இடைநிலைப் பள்ளியில் நாலாம் படிவம். அம்மா மாதம் ஒருமுறை உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் ஏதாவது காரணம் சொல்லி வீட்டில் இருந்துவிடுவேன். அது உங்களுக்கும் தெரியும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் பரோல் அதிகாரி என்சிக் ஐமான் வீட்டுக்கு வந்தார். மிச்சத் தண்டனையை நீங்கள் வீட்டில் இருந்து கழிக்கலாமா என்று பரிசீலிக்கிறார்களாம். வீட்டில் இருக்கும் எல்லாரும் சம்மதிக்க வேண்டுமாம். அம்மா அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார். பிறகு அதிகாரி என்னைப் பார்த்தார். நான் காப்பி கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஜூன் மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இறங்கிப் போனதும் அம்மா கேட்டார்:

“என்ன சொல்லப் போற?”

“யோசிக்கணும்மா.”

“யோசிக்க என்ன இருக்கு? சோதனைத் தாளா இது? உன் அப்பா லா.”

இன்னொரு செய்தி. நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், ஆற்றோரம் நின்ற பஞ்சுட் மரத்தை வெட்டிவிட்டார்கள். மாநகர் மன்றத்துக்கு எழுதியது நான்தான்.

கோயிலில் உறுதிபூசுதல் வகுப்பில் பாவத்துக்கு ஓர் உவமை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் அழுக்குத் துணி, இருட்டு, நோய் என்றெல்லாம் எழுதினார்கள். நான் அந்த மரத்தை எழுதினேன். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. உச்சியில் தீ பிடித்தது போல் பூக்கிறது என்று அழகுக்காக யாரோ கொண்டுவந்தார்கள். அதன் விதை பூச்சி இறகு மாதிரி மெல்லியது. யாரும் நடாத இடத்தில் போய் முளைக்கும். தேன் குடிக்க வரும் சின்னத் தேனீக்கள் அதன் பூவுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். குழந்தைகளுக்கு மட்டும் அதைப் பிடிக்கும், மொட்டுக்குள் தண்ணீர் இருப்பதால். நசுக்கினால் பீய்ச்சி அடிக்கும், பஞ்சுட் என்ற மலாய்ப் பெயரே அதனால்தான். நீங்கள் பக்கத்து வீட்டு ஷர்மினி மேலும் என் மேலும் பீய்ச்சிவிட்டு, “தீர்த்தம், தீர்த்தம்” என்று சொல்வீர்கள். இதை நான் கட்டுரையில் எழுதவில்லை.

அந்த மரத்தடியில்தான் நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடிப்பீர்கள். அந்த மரத்தடியில்தான் ஆறு வருடத்துக்கு முன் ஈஸ்டர் அன்று, ஷர்மினியின் அப்பா குணாளன் அங்கிள் குந்தி உட்கார்ந்து தன் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஐஸ் வாங்கப் போவதற்காகக் காடியில் ஏறி ரிவர்ஸ் எடுத்தீர்கள். இதையும் நான் எழுதவில்லை. ஆனால் வகுப்பில் வாசித்தபோது எல்லாரும் என்னைப் பார்த்த விதத்தில், எழுதாததும் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. ‘வெட்டி எறிவோம்’ என்று முடித்திருந்தேன். கை தட்டினார்கள்.

அன்றே மன்றத்துக்கு எழுதினேன். காற்றில் கிளை முறிந்து விழும் மரம் அது என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். தவக்காலம் தொடங்கிய நேற்றே குத்தகைக்காரர்கள் வந்து அடியோடு அறுத்துவிட்டார்கள்.

என்சிக் ஐமானுக்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் குடிப்பீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

ஜோவான்


27 மார்ச் 2025

என் அன்பு மகள் ஜோவானுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். இங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி லீவில் போயிருந்தார். அவர் வந்து படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் கைக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருக்கோ வந்தது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் கையெழுத்து அவ்வளவு மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘ழ’ போடும்போது வாலைக் கோட்டுக்கு வெளியே இழுப்பாய்.

அன்புள்ள போடாததற்கு ஒன்றும் நினைக்கவில்லை. எழுதினாயே, அது போதும்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. குடிக்க மாட்டேன். உள்ளே வந்ததிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. மாதா மேல் சத்தியம். இங்கேயும் ஆட்கள் சோற்றைப் புளிக்கவைத்து என்னென்னவோ செய்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

உனக்குத் தெரியாததா? தவக்காலம் வந்தால் அப்பா எப்படி இருப்பேன்? நாற்பது நாளும் ஒரு வருடமாவது தவறியிருக்கிறேனா? சாம்பல் பூசின அன்றைக்கு விட்டால் ஈஸ்டர் வரைக்கும் வாசனைகூடப் பிடிக்க மாட்டேன். ஃபாதரே பூசையில் என் பெயரைச் சொல்லி, ‘செபாஸ்டியனைப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அன்று எவ்வளவு பெருமை. அப்பா நினைத்தால் நிறுத்த முடியும் ஆயி.

மரத்தை வெட்டியது நல்ல காரியம். அது கண்ணில் படாமல் இருந்தால் எல்லாருக்கும் மனசு லேசாகும். உன் கட்டுரையை இங்கே பைபிள் வகுப்பில் சொன்னேன். ஒருத்தர் அழுதுவிட்டார்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் பழைய ஃபோர்மேன் எனக்கு மறுபடியும் கப்பலில் கண்டெய்னர் கட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் ஃபெரி, சாயங்காலம் ஃபெரி. அம்மாவுக்குக் கால் வீங்குகிறதாமே. ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை, வேறென்ன ஆகும். நான் வந்தால் அவள் வேலையை விட்டுவிடலாம்.

ஜூனில் சரி என்று சொல்லிவிடு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா


சுங்கை பினாங்
21 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

நேற்று ஈஸ்டர். அம்மா கோழி சமைத்தார். இரண்டு பேர் சாப்பிட்டோம். யாரும் வரவில்லை.

மரம் மறுபடியும் முளைத்துவிட்டது. குருத்தோலை ஞாயிறன்று அடிக்கட்டையைச் சுற்றித் துளிர் பார்த்தேன். பெரிய வியாழன் வருவதற்குள் அது என் முழங்கால் உயரம். கட்டையில் மட்டும் இல்லை. கால்வாய் விரிசலில் ஒன்று, மோட்டார் நிறுத்தும் இடத்தில் சிமெண்டைத் தூக்கிக்கொண்டு ஒன்று, ஆற்றுக் கம்பி வேலிக்கு அப்பால் வரிசையாக. வேர் போன வழியெல்லாம் தலை நீட்டியிருக்கிறது. முன்பு ஒரு மரம் இருந்தது. இப்போது எத்தனை என்று தெரியவில்லை.

நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். வெட்டுவதால் அந்த மரம் சாகாது. நிலத்துக்கு மேலே வெட்டினால், அடியில் சேர்த்து வைத்திருக்கும் பலமெல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டு வரும். வெட்டியவர்கள் கட்டைக்கு மருந்து பூச வேண்டும். அதன் பிறகும் வருடக்கணக்கில் யாராவது ஒருவர் துளிரைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் மன்றத்துக்கு எழுதியதில் இதெல்லாம் இல்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ‘நாற்பது நாளும் ஒரு வருடமாவது தவறியிருக்கிறேனா?’

தவறியதில்லை அப்பா. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மளிகைக் கடைக் காலண்டரை ஃபிரிஜ் பக்கத்தில் மாட்டியிருப்பீர்கள். வேலை முடிந்து வந்ததும் சிவப்புப் பேனாவால் அன்றைய நாளை அடிப்பீர்கள். நான்தான் அடிப்பேன் என்று சண்டை போடுவேன். அது பக்தி என்று நினைத்திருந்தேன். ஆனால் யாராவது கடவுளுக்குக் கொடுத்ததை இப்படி எண்ணிக்கொண்டிருப்பார்களா? பள்ளி விடுமுறைக்கு முன்னால் நான்தான் அப்படி அடிப்பேன்.

பெரிய சனிக்கிழமை அம்மாவே போய் ஒரு பெட்டி பீர் வாங்கி வருவார். “பாவம், மனுஷன் நாப்பது நாள் வாயக் கட்டிட்டு இருந்தாரு” என்பார். ஃபாதர் உங்கள் கையைக் குலுக்குவார். உங்கள் கூட்டாளிகள் பூசை முடிவதற்குள் மரத்தடியில் நாற்காலி போட்டுவிடுவார்கள். மற்ற நாள்களில் நீங்கள் இரண்டு பாட்டிலோடு எழுந்துவிடுவீர்கள். ஈஸ்டரன்று மட்டும் பெட்டி காலியாகும். அந்த ஈஸ்டரிலும் அப்படித்தான். ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சாவியை எடுத்தீர்கள். மாடி வராந்தாவில் நானும் ஷர்மினியும் நின்றிருந்தோம். சத்தம் கேட்டு ஷர்மினிதான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து வருடா வருடம் நாற்பது நாள் மரத்தை வெட்டியிருக்கிறோம். வேரை யாரும் பார்க்கவில்லை. வெட்டியதற்குக் கைதட்டினோம்.

சிறையும் அப்படி ஒரு தவக்காலம்தானா? உங்கள் அறையில் காலண்டர் இருக்கிறதா? அடிக்கிறீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு துளிர்களை வெட்டக் கீழே போனேன். அங்கே ஷர்மினி அம்மா லோகேஸ்வரி ஆன்ட்டி இருந்தார். அடிக்கட்டை மேல் அகல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்திருந்தார்.

“இன்னும் வெட்ட மிச்சம் இருக்கா?” என்றார்.

“இல்ல ஆன்ட்டி... இது ஆபத்தான மரம். காத்துல கிள ஒடஞ்சி விழும். அதான் எழுதிப் போட்டேன்.”

“மரம் யாரையும் கொல்லல ஜோவான்.”

நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இங்கதான் வௌக்கு வைக்கிறேன். நீ மாடியிலேர்ந்து பாத்ததில்ல? அவர் போன எடம் எனக்கு இது ஒன்னுதான். சாம்பல ஆத்துல கரைச்சாச்சி, அங்க ஒன்னும் இல்ல. இதையும் உங்க வீட்டுலேர்ந்து வந்துதான் எடுக்கணுமா?”

பார்த்திருக்கிறேன் அப்பா. எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். அது அவர்கள் வழிபாடு, எனக்கு என்ன என்று ஜன்னலை மூடியிருக்கிறேன். கட்டுரை எழுதும்போது அந்த விளக்கு நினைவுக்கு வரவே இல்லை. என் உவமையில் மரம் வேறு யாரோ. நான் கோடரியோடு நிற்கிறவள் மட்டும்.

ஷர்மினி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பில்தான் படிக்கிறோம். இந்த ஆறு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அப்பாவுக்குப் பரோல் இல்லை. யாரும் வீட்டுக்கு வந்து, ‘அவரைத் திரும்ப அனுப்பட்டுமா, சம்மதமா?’ என்று அவளிடம் கேட்கப் போவதில்லை.

‘இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இல்லையை நான் ஒவ்வொரு திருநீற்றுப் புதனிலும் கேட்டிருக்கிறேன். அதனால் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறேன்.

ஜோவான்


18 மே 2025

ஜோவான்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். பெற்ற அப்பனைக் கேள்வி கேட்கத்தான் புத்தகம் படிக்கிறாயா? துறைமுகத்தில் வெயிலில் வெந்து உனக்குப் புத்தகம் வாங்கினவன் யார்? நான் செய்ததற்கு ஆறு வருடமாக அனுபவிக்கிறேன். நீ வேறு கணக்குப் பார்க்கிறாய். ஈஸ்டரன்று கோழி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். எனக்கு அன்று மீன் துண்டு ஒன்று, அதுவும் முள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருந்தேன். எழுதியதை அடித்துவிட மனசில்லை, அதனால் அப்படியே இருக்கட்டும். மிச்சத்தை இன்று எழுதுகிறேன்.

காலண்டர் இல்லை. சுவரில் கோடு போட்டால் திட்டுவார்கள். ஆனால் அடிக்கிறேன். காலையில் கண் விழித்ததும் மனசுக்குள் ஒரு நாளை அடிக்கிறேன். நீ கேட்டதற்குப் பிறகுதான், எதற்கு அடிக்கிறேன் என்று பார்த்தேன்.

வெளியே வரும் முதல் நாளை நான் நினைத்து வைத்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறுகிறேன். மேல் தட்டில் நிற்கிறேன். இந்தப் பக்கம் இறங்கியதும் படகுத்துறைக்கு எதிரே சீனன் கடை. உட்காருகிறேன். பாட்டில் வருகிறது. வெளியே வேர்த்திருக்கிறது. கட்டைவிரலால் அதைத் துடைக்கிறேன். ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். அதைக் குடித்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன்.

இதை எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. செபம் சொல்லும்போதும் நினைத்திருக்கிறேன். அதில் நீயும் அம்மாவும் பாட்டிலுக்குப் பிறகுதான் வருகிறீர்கள். அப்படித்தான் இருக்கிறது. நீ கேட்கிற வரைக்கும் அந்த வரிசையை நான் கவனிக்கவில்லை.

அதனால் போன கடிதத்தில் போட்ட சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மாதாவிடமும் சொல்லிவிட்டேன். குடிப்பேனா என்று கேட்டால், தெரியாது. குடிக்கக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். குடிக்கவும் ஆசைப்படுகிறேன். இரண்டும் ஒரே வாயில்தான் இருக்கிறது.

குணாளன் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பான், உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பான். அவன் விரதம் முடிகிற நேரம் என் தவக்காலம் தொடங்கும். ஒரு வருடம் மரத்தடியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னான், “செபா அண்ணே, என் விரதம் முடிஞ்சா கால் வலி. உங்க விரதம் முடிஞ்சா பாட்டில் லா.” எல்லாரும் சிரித்தோம். நான்தான் ரொம்ப சிரித்தேன். எத்தனையோ ஈஸ்டரில் என்னைத் தோளில் சாய்த்து மாடிக்கு ஏற்றிவிட்டவன். ஒரு நாளும் என்னோடு உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்ததில்லை. அவன் ஒருத்தன்தான் வேரைப் பார்த்திருக்கிறான். சிரிப்பாகச் சொன்னான். நானும் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன்.

லோகேஸ்வரிக்கு விளக்கு வைக்க இடம் வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் இங்கிருந்து எது சொன்னாலும் அது அவளுக்கு அசிங்கம். நீ அங்கேயே இருக்கிறாய். பார்.

ஜூனில் என்ன சொல்வாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்க ஆசைதான்.

அப்பா


சுங்கை பினாங்
22 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. முதல் பாதியைப் படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. இரண்டாம் பாதியைப் பள்ளிப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்விட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளி விட்டு வந்ததும் தினமும் கீழே போய்த் துளிர்களைப் பிடுங்கத் தொடங்கினேன். வெட்டுவதில்லை. மண்ணைத் தோண்டி வேர்த்துண்டோடு எடுக்க வேண்டும். துண்டு உடைந்து உள்ளே நின்றால் அதிலிருந்தும் முளைக்கும். கையெல்லாம் காய்த்துவிட்டது. லோகேஸ்வரி ஆன்ட்டி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட மாட்டார், உள்ளேயும் போக மாட்டார்.

ஒரு நாள் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கப் போனேன். அதுதான் எல்லாவற்றிலும் உயரம். அவர் இறங்கி வந்தார்.

“அத விடு.”

“ஒன்னு விட்டாலும் மறுபடி பரவும் ஆன்ட்டி. புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகத்த விடு. எனக்கு வௌக்கு வைக்க ஒரு மரம் வேணும்.”

“வேற மரம் நடலாம் ஆன்ட்டி. நல்ல மரமா, வேப்பங்கன்னு—”

“அவர் வேப்ப மரத்தடியிலயா செத்தாரு?”

நான் கன்றிலிருந்து கையை எடுத்தேன். அவரே சொன்னார்:

“பரவினா பிடுங்கு. நீதான வெட்டச் சொன்ன? தெனம் வா. நீ கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் வந்து பிடுங்கு.”

மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்தக் குரலில் அது இல்லை. ஆனால் அந்த ஒன்றை விட்டேன். தினமும் போகிறேன். என் கட்டுரையைக் கோயிலின் பங்கு இதழில் போட வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடிவு தப்பு என்றேன். திருத்திக் கொடு என்றார். திருத்தத் தெரியவில்லை என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை ஷர்மினி செங்கல் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கன்றைச் சுற்றி வட்டமாக அடுக்கினாள். மோட்டார் ஏறாமல் இருக்க. நான் மறுபக்கம் குனிந்திருந்தேன். அடுக்கி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கால்வாய் ஓரத்துல ஒன்னு விட்டுட்ட” என்றாள்.

அவ்வளவுதான். போய்விட்டாள். நான் கால்வாய் ஓரத்தில் போய்ப் பார்த்தேன். இருந்தது.

வியாழக்கிழமை என்சிக் ஐமான் வந்தார். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். லோகேஸ்வரி ஆன்ட்டி, “என்னைய கேக்காதீங்க. அவங்க வீட்டு ஆளு” என்று சொன்னது எங்கள் கூடத்துக்கே கேட்டது. பிறகு இங்கே வந்து உட்கார்ந்தார். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தார். உங்கள் தலையணைக்கு உறை மாற்றியாகிவிட்டது. அவர் என்னிடம் மலாயில் மெதுவாகக் கேட்டார், பயமில்லாமல் சொல் என்றார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன்.

அப்பா, முதல் கடிதத்தோடு நீங்கள் நிறுத்தியிருந்தால், நான் இரண்டாம் தடவை கேட்காமல் இருந்திருந்தால், அநேகமாகச் சரி என்றிருப்பேன். நீங்கள் உண்மையை எழுதியதால் வேண்டாம் என்றேன். உண்மைக்கு யாராவது இப்படிப் பரிசு கொடுப்பார்களா என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. படகுத்துறையிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? பாட்டிலுக்குப் பிறகு நீங்கள் ஏறி வரும் படிக்கட்டில் ஷர்மினியும் ஏறி வருகிறாள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். “உன் ஒரு வாயால அந்த மனுஷன இன்னும் ரெண்டு வருஷம் உள்ள தள்ளிட்ட” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து பேசுவதில்லை. சோறு எடுத்து வைக்கிறார். தட்டை வைக்கும் சத்தம்தான் வீட்டில் கேட்கிறது.

அடுத்த சனிக்கிழமை அம்மா உங்களைப் பார்க்க வரும்போது நானும் வருகிறேன். அம்மா வேண்டாம் என்றாலும் பின்னால் வந்துவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

ஜோவான்


9 ஜூலை 2025

அன்புள்ள ஜோவானுக்கு,

அந்தச் சனிக்கிழமை நீ வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாய் என்று அதிகாரி சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என்னைத்தான் பார்வையாளர் அறைக்கு விடவில்லை.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே என்சிக் ஐமான் மூலம் முடிவு வந்துவிட்டது. கேட்டதும் நான் சுவரில் முஷ்டியால் குத்தினேன். தடுக்க வந்தவரையும் தள்ளிவிட்டேன். அதற்குத் தண்டனையாக ஒரு மாதம் பார்வையாளர் கிடையாது. கை கட்டுப் போட்டிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், மகளா அவள் என்று. நானும் இரண்டு நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். உனக்கு அது தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உன்னிடம் பாதி மட்டும் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

குத்தும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன் முகம் தோன்றவில்லை. அம்மா முகமும் இல்லை. சீனன் கடை போய்விட்டதே என்றுதான் தோன்றியது. அந்த நாற்காலி, அந்த பாட்டில். கை வீங்கிப் படுத்திருந்தபோது இதை நினைத்துப் பார்த்தேன். நீ வேண்டாம் என்று சொன்னது யாரை என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது.

அம்மா பேசாவிட்டால் நீ பேசு. அவள் மேல் கோபப்படாதே. பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவள் அவள். அதை அவள் நினைக்காத நாள் இருக்காது.

என் முழுத் தண்டனை முடிய இன்னும் இரண்டு வருடம். அப்போது பரோல் அதிகாரி யாரும் வந்து கேட்க மாட்டார். கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் நீ முதல் கடிதத்தில் கேட்ட கேள்வியை எழுதிக் கேள். பதிலைப் படித்துப் பார். பயமாக இருந்தால் அன்றும் வேண்டாம் என்று சொல். நான் மாடி ஏற மாட்டேன். கீழே அந்தக் கன்று நிற்கிற இடம் வரைக்கும் வந்து, அன்றைக்கு முளைத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறேன். லோகேஸ்வரி விட்டால் மட்டும்.

மழைக்காலம் வரப்போகிறது. அது வேகமாக வளரும். ஒரு நாளும் விடாதே.

அப்பா